தூதர் கண்ணும் நம் கண்ணும்



அறிவியல் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவைக் குறித்தால், எந்தக் கருவியால் அளந்தோம், அதன் பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். எழுதாவிடில் பேராசிரியர் குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிடுவார். அயல்நாட்டைப் பற்றி எழுதுவோர்க்கும் இந்த விதி வேண்டும் என்பதே என் கருத்து.

16ஆம் நூற்றாண்டில் துருக்கியரின் உதுமானியப் பேரரசைப் பற்றி ஐரோப்பா அறிந்தவற்றுள் பெரும்பகுதி தூதர்கள் எழுதியது. அவர்களுள் புகழ்பெற்றவர் புஸ்பெக். ஆஸ்திரியாவின் பெர்டினாந்து அரசர் சார்பில் சுலைமான் சுல்தானிடம் தூது சென்று, 1555 முதல் 1562 வரை பெரும்பாலும் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்தார். தம்முடன் பயின்ற நண்பருக்கு எழுதியனவாக நான்கு கடிதங்களை இலத்தீனில் வெளியிட்டார். முதல் கடிதம் 1581இலும், நான்கும் சேர்ந்து 1589இலும் அச்சாயின.

அங்கே பிறப்பால் எவனுக்கும் உயர்வில்லை, தகுதியே பதவி தருகிறது என்று வியக்கிறார் புஸ்பெக். துருக்கி வீரனின் பொறுமையையும் எளிய உணவையும் போற்றுகிறார். இவ்வளவு புகழ்ச்சி ஏன்? பகைவரிடம் கொண்ட காதலா? அன்று. குலப்பெருமையிலும் களியாட்டத்திலும் மூழ்கியிருந்த தம் நாட்டாரைக் குத்தி எழுப்பவே துருக்கியைக் கண்ணாடியாகப் பிடித்தார். அதே கடிதத்தில், அங்கேரியில் பிடிபட்ட சிறுவர் சிறுமியர் விற்பனைக்காக வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டதையும் எழுதுகிறார். கண்டதை மறைக்கவில்லை. ஆயினும், எதை உரக்கச் சொல்வது என்பதை அவருடைய ஊர்க்கவலையே முடிவு செய்தது.

இனி, மொகலாயர் அரசவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவைப் பாருங்கள். 1616இல் அஜ்மீரில் ஜஹாங்கீரைக் கண்டார். பாரசீகம் அறியார், எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே. அரசவை அவருக்கு நாடகமேடை போலத் தோன்றியது. மொழி தெரியாதவனுக்கு எந்த அவையும் நாடகந்தானே! தம் நாட்குறிப்பு முழுதும் தம் மதிப்பைக் காக்கப் போராடினார் ரோ. ஜஹாங்கீர் எழுதிய தன்வரலாற்றிலோ ரோவின் பெயரே இல்லை.

அப்படியானால் இவ்வெழுத்துகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. பிழை தெரிந்த கருவி பயனுள்ள கருவியே. திருத்தம் சேர்த்துப் படித்தால் போதும். அந்தத் திருத்தத்தை எழுதுகிறவனே தேடிக்கொள்வது இன்னும் நன்று. வெனிஸ் அரசு அதைச் செய்ய முனைந்தது. தூதர் ஊர் திரும்பியதும் தாம் கண்டதை அவையில் அறிக்கையாக உரைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். சுல்தானுடைய குடிகளையே மொழிபெயர்ப்பாளராக நம்பியிருப்பது இடர் என்று உணர்ந்த அந்த அரசு, 1551இல் தன் இளைஞர்களைத் துருக்கிமொழி கற்கக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கே அனுப்ப முடிவு செய்தது. நம் வயதினரும் நம்மினும் இளையவருமே அவர்கள்!

தோழர்களே, ஞாயிறுதோறும் தொலைபேசியில் வீட்டாரிடம் நாம் உரைப்பதும் ஒருவகைத் தூதறிக்கைதான். இங்கு வந்த முதல் மாதம், "இந்த ஊரார் முரடர் அம்மா, சாப்பாட்டுக் கூடத்தில்கூடக் கத்துகிறார்கள்" என்றேன். எட்டு மாதம் கழித்து இந்தி சிறிது காதில் ஏறியபின்தான் தெரிந்தது, அந்தப் பெரியவர் "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். எனக்குப் புரியவில்லையே என்று குரலை உயர்த்தியிருக்கிறார். என் அறிக்கையை நம்பி அம்மா எட்டு மாதம் கவலைப்பட்டாள். அந்தப் பிழைக்கு யாரைக் குற்றம் சொல்வது?

"இந்தி படிக்கச் சொல்கிறாயா?" என்று சிலர் புருவம் நெரிப்பது தெரிகிறது. திணிப்பை எதிர்ப்பது வேறு. பக்கத்தில் அமர்ந்து உண்பவனின் பேச்சைக் கேட்டறிவது வேறு. முன்னதை நான் விட்டுக்கொடேன். பின்னதை விட்டால் இழப்பு நமக்கே. "மதராசி" என்ற ஒரே சொல்லில் நம்மையெல்லாம் அடக்கிவிடுகிறார்கள் என்று குமுறும் நாம், "வடக்கத்தியான்" என்ற ஒரே சொல்லில் அவர்களை அடக்குவது என்ன நீதி?

ஆகவே நம் மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, இவ்வூர் மாணவர்களை அழைப்போம். அரைமணி அவர்கள் மொழியில் நாம் தடுமாறுவோம். அரைமணி தமிழில் அவர்கள் தடுமாறட்டும். பிறகு வீட்டுக்குச் சொல்லும் செய்தியில் பிழை குறையும். அவர்கள் தம் வீட்டில் நம்மைப் பற்றிச் சொல்லும் செய்தியிலும் குறையும்.