கோவை மாநகராட்சியின் கல்லாப்பெட்டி சாவி யார் கையில்?

"ஏனுங்க, வரியெல்லாம் கட்டிப்போட்டமுங்க, ரோடு எப்பங்க போடுவீங்க?" கோவையில் எந்த வார்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். கவுன்சிலர் மேயரைக் கை காட்டுவார், மேயர் ஆணையரைக் காட்டுவார். கான்ட்ராக்டர்கள் மட்டும் நேராக டவுன்ஹால் மெயின் ஆபீஸின் கணக்குப் பிரிவுக்குப் போவார்கள். பில் பாஸ் ஆகிற இடம் அதுதான்.

அங்கே பொறுப்பில் இருப்பவர் உதவி ஆணையர் (கணக்கு). வெளிநாட்டு நகரங்களில் தலைமை நிதி அதிகாரி பார்க்கும் வேலையில் பெரும்பகுதி இவர் தலையில்தான்.

என்ன வேலை? தமிழக மாநகராட்சிகளின் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என மூன்று பைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாத்து வாங்கினால், அதைக் கடன் என்றே எழுதி, திருப்பியாக வேண்டும். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் வசூலாகிறது. அது மாநகராட்சிப் பணமே இல்லை. நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது. ஆக, பெட்டி நிறைந்திருப்பது போலத் தெரியும்போது 'இதில் இவ்வளவு நம்முது இல்லீங்க' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

சொல்லலாம். ஆனால் எடுபடுமா?

இங்கிலாந்தில் 1988-ம் ஆண்டுச் சட்டம் நிதி அதிகாரிக்கு ஒரு கடிவாளம் கொடுத்திருக்கிறது. வரவுக்கு மேல் செலவு போகிறது என்று அவர் நோட்டீஸ் கொடுத்தால் புதுச் செலவு நின்றுவிடும். 21 நாளுக்குள் மன்றம் கூடி விவாதிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் நகரில் அதுதான் நடந்தது. கோவையில் கணக்கு அதிகாரி ஆணையருக்குக் கீழே வேலை பார்ப்பவர். கோப்பில் ஆட்சேபம் எழுதலாம், அவ்வளவுதான். உள்ளாட்சி நிதித் தணிக்கையோ பணம் போன பிறகு வருகிறது.

இதன் கனம் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்தில் தெரியும். சூயஸ் நிறுவனத்துடன் 2018-ல் போட்ட ஒப்பந்தத்தின் காலம் 26 ஆண்டுகள். ஒரு மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு. அப்படியானால் அடுத்தடுத்து ஐந்து மன்றங்களைத் தாண்டியும் நீளும் பொறுப்பு இது. கையெழுத்தானபோதோ மன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 மார்ச்சில்தான் அடுத்த கவுன்சிலர்கள் பொறுப்பேற்றார்கள். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர் என்ற பெயரில் மன்றத்தின் அதிகாரமும் ஆணையர் கையில். அதாவது முடிவெடுப்பவரும், கேள்வி கேட்க வேண்டியவரும் ஒரே ஆள்!

இப்போது மன்றம் இருக்கிறது, வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவும் இருக்கிறது. பட்ஜெட் அன்று விக்டோரியா ஹாலில் புதுத் திட்டங்களின் பட்டியல் நீளமாக வாசிக்கப்படும். கவுன்சிலர்கள் புரட்டிப் பார்க்க வேண்டியது வேறு காகிதம்: கான்ட்ராக்டர்களுக்கும் நூலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் மாநகராட்சி வைத்திருக்கும் பாக்கிக் கணக்கு. அந்தக் காகிதம் கணக்கு அதிகாரியின் மேஜையில் இருக்கிறது.