வேலி போடும் முன் விளக்குமாற்றை எடுங்கள்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களில் ஒரு கனவு பேசப்படுகிறது. திருவள்ளூருக்கு அப்பால் ஓர் ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கூரைமேல் சூரிய மின்தகடு, நாலைந்து ஆடுகள். மின்வாரியக் கம்பியும் தண்ணீர் லாரியும் தேவைப்படாத எளிய, ஹலாலான வாழ்வு. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைக் கண்டவர்களுக்கு இக்கனவு தோன்றியதில் வியப்பில்லை. அதில் குற்றமும் இல்லை. ஆனால் அதை ஆர்வத்தோடு பேசும் ஆண்களிடம் ஒரு கேள்வி உண்டு: அங்கே வேலைகளை யார் செய்வது?

மின்கம்பியும் குழாயும் நமக்கு வெளிச்சத்தையும் நீரையும் மட்டும் தரவில்லை. உழைப்பையும் மிச்சப்படுத்தித் தந்திருக்கின்றன. அவற்றைத் துறந்தால் அவ்வுழைப்பு வீட்டுக்குள் திரும்பி வரும். ஒரு கிலோவாட் மின்தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் அளவே தரும். மோட்டாரும் மிக்சியும் சலவை இயந்திரமும் நேரம் பார்த்தே ஓட வேண்டும். மேகம் மூடிய நாளில் துணியைக் கையால் துவைக்க வேண்டும், மசாலாவை அம்மியில் அரைக்க வேண்டும். அன்றும் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும், கொட்டிலைக் கூட்ட வேண்டும். இன்று தாம் குடித்த தேநீர்க் குவளையைக் கழுவாதவர், அங்கே போனதும் மாறிவிடுவாரா? அவருடைய மனைவியும் மகள்களும்தாம் இரட்டைச் சுமை சுமப்பார்கள். மின்வாரியத்தின்மேல் சாய்ந்திருந்தவர் மனைவியின் முதுகின்மேல் சாய்வதற்குத் தற்சார்பு என்று பெயரிடுவது அநீதி.

தற்சார்பு வாழ்வு எங்கே நிலைத்திருக்கிறது என்று பாருங்கள். ஆரோவில்லின் எல்லையில் 2003இல் அவிராம், யோரித் ரோசின் தம்பதியர் சாதனா வனத்தைத் தொடங்கினர். அரிப்புண்டு கிடந்த ஏறத்தாழ 70 ஏக்கர் நிலத்தில் வரப்பும் பள்ளமும் அமைத்து, மழைநீரைத் தேக்கி, காட்டை மீட்டு வருகின்றனர். மின்சாரம் சூரியனிடமிருந்து, கழிப்பறைகள் நீர் ஊற்றாமல் கழிவை உரமாக்குபவை. தன்னார்வலர்கள் காலையில் கூடி உழைப்பதும், சமையலையும் துப்புரவையும் பகிர்ந்துகொள்வதும் அங்குள்ள நடைமுறை. அவர்களின் கொள்கைகள் நம்முடையவை அல்ல. ஆனால் வேலைப் பங்கீடு இன்றி மின்தகடு மட்டும் ஓர் இடத்தை நடத்தாது என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

நமக்கோ இப்பாடம் வெளியிலிருந்து வரவேண்டியதே இல்லை. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆட்டில் தாமே பால் கறந்தார்கள் என்றும் அறிவிப்புகள் உண்டு. ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் காக்க அகழ் வெட்டப்பட்டபோது, உடலெங்கும் புழுதி படிய மண் சுமந்தார்கள். தாடியிலும் உடையிலும் ஸுன்னத்தைத் தேடும் நாம், துடைப்பத்தில் ஏன் தேடுவதில்லை?

இதற்குச் சிலர் மறுப்பொன்று சொல்வர். திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) பணியாள் கேட்டபோது, நபியவர்கள் தஸ்பீஹைத்தானே கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே பொறுமையாகச் சுமப்பதே பெண்களின் கடமை என்பர். அந்நிகழ்வை முழுமையாகப் படியுங்கள். நீர் இறைத்து இறைத்துத் தம் நெஞ்சு நோகிறது என்று அலீ (ரலி) கூறியதும் அஹ்மதின் அறிவிப்பில் உள்ளது. அவ்வீட்டில் மனைவி திரிகையிலும் கணவர் கிணற்றிலும் இருந்தார்கள். இருவருக்குமே தஸ்பீஹ் கற்பிக்கப்பட்டது. ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் ஓதுவதற்காக அது கற்பிக்கப்படவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் நின்று களைத்து வருகிறோம் என்பதும் உண்மையே. ஆனால் அதே களைப்போடு வரும் பெண்கள் நேராக அடுப்படிக்குள் நுழைகிறார்களே!

எனவே நிலத்துக்கு முன்பணம் கொடுக்குமுன், இருக்கும் வீட்டிலேயே மூன்று மாதம் இவ்வாழ்வைப் பழகிப் பாருங்கள். ஃபஜ்ருக்குப் பின் வேலைகளை எழுதிப் பங்கிடுங்கள். மகன்களுக்கும் சமமாகக் கொடுங்கள். காய்கறிக் கழிவை நீங்களே உரமாக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் மாடியேறி மழைநீர்த் தொட்டியின் வடிகட்டியைக் கழுவுங்கள்; ஆயிரம் சதுர அடி மாடி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் லிட்டர் நீரைச் சேர்த்துத் தரும். ஒரு 'முத்' அளவு நீரில் ஒளூச் செய்த நபியின் உம்மத், குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதையும் நிறுத்துங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும், நிலம் வாங்கலாமா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் மனமுவந்து ஆம் என்றால், பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள். அவர் தயங்கினால், குறை நிலத்தில் இல்லை என்பதை உணருங்கள். அல்லாஹ் நம் இல்லங்களில் நீதியையும் பரக்கத்தையும் அருள்வானாக, ஆமீன்.