அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

சென்ற மாதம் ஒரு காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குக் கிளம்பும் வேளையில் ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். அவருடைய தாயாருக்கு எழுபத்தொரு வயது. மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

"மருந்துக்குக் காசு இல்லேன்னு வரலண்ணே. மருந்து கவர்மெண்ட்ல குடுத்துடுறாங்க. கூடப் போற நாளுக்குத்தான் என்னா செய்யிறதுன்னு தெரியல. இன்னும் ரெண்டு தடவ லீவு கேட்டா வேற ஆள் பாத்துக்குவேன்னு மண்டோர் சொல்லிட்டாரு" என்றார்.

பாட்டாளித் தோழர்களே, இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் தாயார் முப்பத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டியவர். மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் எங்கள் யாரிடமும் சொல்லாமல் சேலைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். "ஆம்பளப் புள்ளைங்ககிட்ட இத எப்படிய்யா சொல்லுவேன்?" என்று பிறகு கேட்டார். புண்ணாகி வாடை வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அப்போது நோய் நான்காம் கட்டம்.

அவர் ஒருவர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், இந்த நாட்டில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரியவந்திருக்கிறது. வெட்கம் ஒரு காரணம். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பேச்சு இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே, பிள்ளைக்கும் லீவு போட வேண்டி வருமே என்று அந்தத் தாய் போடுகிற கணக்குதான் அது.

நாமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான் கட்டணம். அறுபது தாண்டியவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் முதியவர்கள் மட்டும் தங்களுக்கு என்ன கட்டணம் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். இது ஒரு பக்கம். மறுபக்கம், 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை வாரம் ஆறு நாள் வேலைக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. கீமோ ஆறு தடவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், மருந்து ஏற்ற ஒரு நாள். ஆக 12 நாள், ஏறக்குறைய 785 வெள்ளி. ஸ்கேன், கதிர்வீச்சு, காடி வாடகை எல்லாம் இதில் சேரவில்லை. மருந்து ஏறக்குறைய இலவசம், மருந்துக்குத் துணை போகிறவளுக்குத்தான் செலவு.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் நம்மைக் கட்டுப்படுத்துவது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதன் பெரிய திருத்தம் 2023 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கு 7 நாள் கிடைத்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45-க்குக் குறைந்தது. நல்ல காரியங்கள், வரவேற்றோம். ஆனால் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு 7 நாள் கொடுத்த அதே சட்டம், பெற்றவள் படுத்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. நோய் விடுப்பு நமக்கு நோய் வந்தால்தான். சொக்சோவும் அப்படியே. தாய்க்கு வந்த நோய் தொழிலாளியின் நோயாக எந்தப் பாரத்திலும் எழுதப்படுவதில்லை.

அரசாங்க உத்தியோகத்தருக்கு நெருங்கிய சொந்தத்தின் நோயைக் காரணம் காட்டி அரைச் சம்பள விடுப்புக் கேட்கப் பொது உத்தரவிலேயே வழி வைத்திருக்கிறார்கள். இலாகாத் தலைவர் அனுமதித்தால் போதும். கிராணி மேசையில் உட்கார்ந்திருப்பவரின் தாயும் தாய்தான், பழம் பொறுக்குகிறவளின் தாயும் தாய்தான் அல்லவா?

வழியில்லாத நேரத்தில் நம்மவர்களில் சிலர் தங்களுக்கே காய்ச்சல் என்று எம்.சி. வாங்கிக்கொண்டு தாயை அழைத்துப் போகிறார்கள். அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். அகப்பட்டால் சங்கம் வந்து பேசுவதற்கும் இடம் இருக்காது. சொல்லாமல் நின்றுவிடுவது அதைவிட மோசம். முன் அனுமதியில்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கருதலாம் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. தகுந்த காரணம் இருந்து, அதைத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருந்தால் அப்படிக் கருத முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே வாய்வார்த்தை போதாது. ஆஸ்பத்திரி அட்டையில் அடுத்த தேதி போட்டவுடனே அதைக் கைப்பேசியில் படம் பிடித்து மண்டோருக்கும் ஆபீசுக்கும் அனுப்புங்கள். துணைக்கு வந்ததற்குச் சீட்டுக் கொடுங்கள் என்று மிஸ்ஸியிடம் கேட்டு வாங்கி, அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. தோட்டத்து வீடும் போகும். அந்த வீட்டு அறையில்தானே அந்தக் கிழவி படுத்திருக்கிறாள்!

2023 திருத்தத்தில் நம்மவர்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு பிரிவுகள் உண்டு. 60பி, 60கியூ. வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். கண்டிப்பாகக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இதனால் சம்பளத்தோடு விடுப்பும் வந்துவிடாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளை அந்த வாரம் மட்டும் ஆஸ்பத்திரி நாளுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க இது வழிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை செய்துவிட்டுப் போகட்டுமே, தோட்டத்துக்கு என்ன நஷ்டம்?

இனி, கிடைக்கிற உதவிகள். ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூகநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. டாக்டரிடம் சொல்லி அங்கே கடிதம் கேளுங்கள். விலை உயர்ந்த மருந்துக்கும் சாதனத்துக்கும் மருத்துவ உதவி நிதிக்கு எழுதிப் போடுவது அவர்கள் வேலை. 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடங்கி முடிக்கும் நோயாளிக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை வைத்தார்கள். போக்குவரத்துக்கும் ஒரு தொகை உண்டு. ஊழியர் சேமநிதியில் நம் கணக்கிலிருந்து தாய் தகப்பனின் கடும் நோய்க்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து. ஆனால் அது மருத்துவச் செலவுக்கு மட்டும். இழந்த கூலிக்கு அதில் இடமில்லை.

வீட்டில் பார்த்துக்கொள்கிற விஷயத்திலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். என் தாயாரிடம் நாங்கள் செய்த தவறுகளிலிருந்து வந்தவை இவை.

நான்காம் கட்டம் என்றால் அடுத்த வாரமே என்று அர்த்தமல்ல. நோயை முழுதாகப் போக்க முடியாவிட்டாலும் அடக்கி வைக்க மருந்து உண்டு. சதை எடுத்துச் சோதிப்பது எந்த வகை மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். வயதானவர்கள் பலருக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை தினம் ஒன்று போட்டாலே பல மாதம், சிலருக்குப் பல வருஷம், நோய் கட்டுக்குள் நிற்கும். என் தாயார் அதன் பிறகு இரண்டரை வருஷம் இருந்தார். பேரன் எஸ்.பி.எம். பரிட்சை எழுதிப் பள்ளிக்கூடம் முடித்ததைப் பார்த்தார்.

பத்தியம் வைக்காதீர்கள். முட்டை ஆகாது, கோழி ஆகாது, மீன் ஆகாது என்று வெறும் கஞ்சியாகக் கொடுத்து நாங்களே அவரை மெலிய வைத்தோம். கடைசியில் டாக்டரம்மாதான் எங்களைத் திட்டி முட்டை கொடுக்க வைத்தார்.

கீமோ ஏற்றிய நாட்களில் உடம்புச் சூடு 38 டிகிரியைத் தொட்டால், பெனடோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். எலும்புக்குப் பரவியவர்களுக்கு முதுகை உருவிவிடுவதும் மிதித்துவிடுவதும் ஆபத்து. திடீரென்று கால் வலுவிழந்தால், சிறுநீர் அடைத்தால், அதுவும் அவசரந்தான்.

மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு நம் லயங்களில் உலாவுகிறது. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் வலிதான் போகும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. என் தாயார் நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எங்கள் பயத்தால்தான். அந்த நான்கு மாதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வலி தணிக்கும் சிகிச்சைப் பிரிவு அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து காசில்லாமல் பார்க்கிறது. அந்தப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமல்ல, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அங்கேயும் போகலாம்.

இன்னொன்று. நான்கு அண்ணன் தம்பி இருக்கிற வீட்டிலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் ஒரே ஒரு மகளாகவோ மருமகளாகவோதான் இருக்கிறாள். மற்றவர்கள் சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்து "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். போக முடியாதவன் அவளுடைய அன்றைய கூலியையாவது கொடுக்கலாமே. 65 வெள்ளியை நாலாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு வெள்ளி சொச்சம்.

தாய் தகப்பனின் கடும் நோய்க்குச் சம்பளத்தோடு வருஷத்துக்குச் சில நாளாவது விடுப்பு வேண்டும் என்று அடுத்த கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்கும்படி எங்கள் கிளையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. சட்டம் கொடுப்பதற்கு மேல் கொடுக்க ஒப்பந்தத்துக்குத் தடையில்லை. தோட்டத்தில் இளையவர்கள் குறைந்து, வயதானவர்களோடு வாழும் குடும்பங்களே மிச்சமிருக்கும் காலம் இது. நாளைக்கு இந்தக் கேள்வி எத்தனை வீட்டில் எழும் என்பதை உங்கள் கிளைக் கூட்டத்தில் கைதூக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கையை எங்களுக்கும் அனுப்புங்கள்.

அந்தச் சகோதரிக்கு 60பி பிரிவின்படி ஓய்வு நாளை மாற்றிக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் முத்திரை போட்டு ஒரு நகல் வாங்கி வைத்திருக்கிறார். கொடுத்து இன்றோடு பத்தொன்பது நாள். அடுத்த மருந்து வருகிற செவ்வாய்க்கிழமை. ஆபீஸ் என்ன பதில் சொல்கிறது என்பதை இதே பகுதியில் எழுதுகிறேன்.