நெஞ்சுவலிக்குக் கஸ்ரைட்டிஸ் குளிசை போதாது

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியில் இரத்தக்கட்டி அடைத்தால் மாரடைப்பு. காலின் ஆழ்நாளத்தில் உறைந்த கட்டி கழன்று போய் நுரையீரல் நாடியை அடைத்தால் திடீர் மூச்சுத்திணறல்.

மாரடைப்பில் நேரமே மருந்து. நோயாளி வந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். தாளில் ஓடும் கோட்டின் எஸ்டி பகுதி மேலெழும்பியிருந்தால் நாடி முற்றாக அடைபட்டிருக்கலாம். 120 நிமிடத்துக்குள், அடைபட்ட நாடியைத் திறக்கும் அஞ்சியோபிளாஸ்ரி செய்ய முடிந்தால் அதுவே சிறந்தது. ஆனால் அது செய்யப்படும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மன்னாரிலிருந்து 100 கிலோமீற்றருக்கும் அப்பால். அதனால் கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் அல்லது ரெனெக்ரெப்பிளேஸ் ஊசியை முதலில் இங்கேயே ஏற்றி, பிறகு அனுப்புவதே அறிவு. எப்போதாவது மூளையில் இரத்தம் கசிந்தவருக்கு இந்த ஊசி ஆகாது.

நுரையீரல் நாடியை அடைத்த இரத்தக்கட்டி இலகுவில் பிடிபடாது. சத்திரசிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை, ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவை சந்தேகத்தைத் தூண்ட வேண்டும். டி-டைமர் இரத்தச் சோதனை சாதாரணமாக இருந்தால், ஆபத்துக் குறைந்தவரில் கட்டி இல்லையெனலாம். உறுதிப்படுத்த சிரி ஸ்கான். சிகிச்சை ஹெபரினில் தொடங்கி, மாதக்கணக்கில் வார்பரின் குளிசையாகத் தொடரும். வார்பரின் எடுப்போர், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனையைப் பார்க்கத் தவறக்கூடாது. கீரை வார்பரினின் வேலையைக் குறைக்கும் என்பதால், அதை ஒருநாள் அள்ளியும் மறுநாள் தள்ளியும் உண்பதும் கூடாது.

மன்னார் மாவட்டத்தின் தலைமன்னார், சிலாவத்துறை போன்ற இடங்களில் இரவிலும் ஈசிஜி எடுத்து வாசிக்க ஆள் இருப்பதைச் சுகாதாரத் திணைக்களம் உறுதிசெய்ய வேண்டும். நெஞ்சு இறுகி வியர்த்தால், கஸ்ரைட்டிஸ் என்று குளிசை போட்டுப் படுக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.