பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!



"ஆதாரும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். ஏற்கனவே பதிவு செய்த சிம் கார்டு இது. செல்போனில் போட்டால் உடனே பேசலாம்!" என்று யாராவது சொன்னால், 'அட, வேலை சுலபமாக முடிந்ததே' என்றுதான் நமக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அது யார் பெயரில் பதிவானது என்று கேட்டீர்களா?

சிம் கார்டு என்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு அல்ல. ஒவ்வொன்றுக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத தனி எண் உண்டு. அதை வைத்துத்தான் செல்போன் கோபுரம் நம் இணைப்பை அடையாளம் காண்கிறது. அந்த எண்ணுக்கு நேராக ஒருவரின் பெயரும் முகவரியும் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். அதாவது, சிம் கார்டும் ஓர் அடையாள அட்டைதான்.

சரி, பதிவு செய்த சிம் கார்டு எங்கிருந்து வருகிறது? ஒரு பாட்டி சிம் கார்டு வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ரேகை சரியா விழலை பாட்டி, இன்னொரு தடவை வையுங்க" என்கிறார் விற்பவர். பாட்டியும் நம்பி வைக்கிறார். முதல் ரேகைக்கு ஒரு சிம், இரண்டாவது ரேகைக்கு இன்னொரு சிம்! ஒன்று பாட்டியிடம் போகிறது. மற்றொன்று கூடுதல் விலைக்கு வேறு யாரிடமோ போகிறது. கடைக்காரர்கள் எல்லோரும் இப்படி இல்லை. ஆனால், இப்படிச் செய்து பிடிபட்டவர்கள் உண்டு.

அந்த சிம்மை வாங்கியவன், "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்லி யாருடைய பணத்தையோ சுருட்டுகிறான். போலீஸ் பதிவேட்டைப் பார்த்துப் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

"நாம் யாரையும் ஏமாற்றப் போவதில்லையே!" என்கிறீர்களா? அப்போதும் ஆபத்துதான். அந்த எண் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. போன் தொலைந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் மாற்று சிம் கிடைக்கும். அவர் புகார் கொடுத்தால் இணைப்பு துண்டிக்கப்படும். அந்த எண்ணை அப்பா வங்கிக் கணக்கில் கொடுத்திருந்தால், ரகசிய எண் வருவதும் நின்றுபோகும்.

சட்டமும் கண்டிப்பாக இருக்கிறது. வாங்குபவரின் விவரத்தைச் சரிபார்க்காமல் சிம் கார்டை இயக்கிவைத்து விற்கக் கூடாது என்று 2012-லேயே மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. 18 வயது ஆகாதவர்களுக்கு சிம் கார்டு விற்கக் கூடாது என்றது 2021-ல் வந்த விதி. ஆகவே, "உனக்குத் தனியாக ஒன்று தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அங்கேயே உஷாராகிவிடுங்கள். மோசடியாகவோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் கார்டு பெற்றால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம்.

இந்த வாரம் நீங்கள் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தை அப்பா, அம்மாவுடன் சேர்ந்து திறந்து பாருங்கள். அவர்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று அதில் தெரியும். தெரியாத எண் இருந்தால், 'இது என் எண் அல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம். தாத்தா, பாட்டிக்கும் பார்த்துச் சொல்லுங்கள். கடையில் இரண்டாவது முறை ரேகை கேட்டால், "ஏன்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பணமே பறிபோயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

முறைப்படி சிம் கார்டு வாங்கக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். பரவாயில்லை, காத்திருங்கள். அடுத்தவர் பெயரில் உள்ள சிம் கார்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செய்வீர்கள்தானே?