தாலி கட்டினால் போதுமா? பதிவு எங்கே?



கோயிலில் தாலி கட்டி ஊருக்கே விருந்து வைக்கிறோம். பதிவை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். இதனால் அழுபவர்கள் நம் பெண்களும் பிள்ளைகளும்தான்.

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் பொதுவாக முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நடப்பில் உள்ளது. அதன்படி சடங்கு மட்டும் போதாது. தேசியப் பதிவு இலாகாவிலோ, பதிவு அதிகாரம் பெற்ற கோயிலிலோ பதிய வேண்டும். பதியாத நிலையில் கணவர் இறந்தால், மனைவி என்று நிரூபிப்பதே பெரும்பாடு. தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர் என்றால், பதிவுக்கு முன் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமையே சிக்கலாகிவிடும்.

பதிந்தாலும் சில திருமணங்கள் செல்லாது: முதல் திருமணம் முறியாமல் செய்த இரண்டாவது, உரிய வயது வராத திருமணம், தடுக்கப்பட்ட உறவுத் திருமணம். இந்து வழக்கப்படி தாய்மாமனை மணக்க மட்டும் விலக்கு உண்டு.

மிரட்டிச் சம்மதம் வாங்கியிருந்தாலோ, துணை தாம்பத்தியத்துக்கு வேண்டுமென்றே மறுத்தாலோ உயர் நீதிமன்றத்தில் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். மணவிலக்குக்குப் பொதுவாக 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ரத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. "மானம் போகும்" என்று மகளின் வாயை அடைக்காதீர்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

கோயில் நிர்வாகங்களுக்கு நம் கோரிக்கை ஒன்றே: பதிவுப் பத்திரத்தைப் பார்க்காமல் மண்டபம் கொடுக்காதீர்கள். தாலி நம் பண்பாடு. பதிவு நம் உரிமை. இரண்டையும் விடக்கூடாது!