பேசாத பிள்ளையும் பாட்டும்

கடுகண்ணாவைப் பக்கத்துத் தற்காலிகக் குடில்களுக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு தாய் என்னிடம் சொல்வதுண்டு: "சாமி, இந்தப் புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது." வீடும் தோட்டமும் போன துக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். பல பிள்ளைகளுக்கு அது உண்மைதான். ஆனால் சில பிள்ளைகளின் வாயை அடைத்தது மண்சரிவும் அல்ல, யுத்தமும் அல்ல, ஒரு மனிதன். குடில்கள் நெருங்கி நிற்கின்றன, கதவுக்குப் பூட்டில்லை, தாய் கூலி வேலைக்குப் போய்விடுகிறாள். அந்த மனிதன் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவன்; சோறு போடுகிறவனாகவும் இருக்கலாம்.

மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் யேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் அதற்கு முன்னின்றார்கள். யுத்தத்தில் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், பாடினார்கள். துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்களுக்கென்றே அது ஏற்பட்டதல்ல. ஆனாலும் காயங்கள் தனித்தனியாக வருவதில்லை. வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், யுத்தத்தை அதிகம் கண்ட பிள்ளைகளும் தகப்பன் குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் வீட்டுக்குள்ளும் அதிகம் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். கசிப்புக்காரன் முகாம்களைத் தேடி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு என்ன செய்யும்? பயந்த பிள்ளையின் உடம்பு இறுகி, மூச்சு குறுகிவிடுகிறது. பாடுவதற்கு மூச்சை நீளமாக விட வேண்டும். அப்போது நெஞ்சுத் துடிப்பு மெல்லத் தணிகிறது. தப்போ வெறும் தகர வாளியோ, பிள்ளையின் கையில் கொடுங்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு சத்தமாக அடிப்பது என்பதை அதுவே தீர்மானிக்கட்டும். அது நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். தன் உடம்பைப் பற்றித் தனக்கே சொல்லில்லாமல் போன பிள்ளைக்கு, "போதும்" என்றதும் ஒரு பெரியவர் நிறுத்துகிறார் என்பது சிறிய காரியம் அல்ல. சில பாட்டுகள் பயத்தைக் கிளப்பும். கொடுமை நடந்த வேளையில் வானொலியில் போன பாட்டாகவும் இருக்கலாம். முகம் மாறினால் பாட்டை மாற்றுங்கள், காரணம் கேட்டுக் குடையாதீர்கள்.

இதில் நானும் பிழை விட்டவன். அப்படிப்பட்ட ஒரு சிறுமி நன்றாகப் பாடுகிறாள் என்று கண்டு, திருநாளன்று முன்வரிசையில் நிறுத்தினேன். எல்லாரும் கை தட்டினோம். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது மேடை அல்ல என்பது எனக்குத் தாமதமாகவே விளங்கியது.

குற்றம் செய்தவன் அதே குடிலில் படுத்திருக்க, சனிக்கிழமைப் பாட்டு வகுப்பால் ஒரு பயனும் இல்லை. குடும்ப மானம் என்று சொல்லி, பெரியவர்கள் கூடிப் பணம் வாங்கிச் சமாதானம் செய்வதை நான் கண்டிருக்கிறேன். அது பிள்ளையை இரண்டாம் முறை விற்பது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் சொல்லலாம். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பிள்ளையின் உடம்பையும் மனதையும் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். தப்பு அடிக்கத் தெரிந்த சாமியார் போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல நாடுகளில் குருக்களே இந்தப் பாவத்தைச் செய்ததும் மேலிடத்தில் இருந்தவர்கள் அதை மூடி மறைத்ததும் வெளிவந்துவிட்டன. ஆகையால் என்னை நம்பியும் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். மரத்தடியில், எல்லாருடைய கண்ணிலும் படுகிற இடத்தில் உட்கார்வோம். தாய்மாரும் வாருங்கள். உங்களில் தாலாட்டுத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது.